ஒரு தடவைதான் கேட்பார்

அண்ணாச்சி எதையும் ஒரு தடவைதான் கேட்பார். கொடுத்தால் வாங்கிக்கொள்வார். கொடுக்காவிட்டால் போய்விடுவார். இரண்டாம் தடவை கிடையாது.

எனக்கு அந்தக் குணத்தைக் கண்டால் அன்றைக்கும் எரிச்சல், இன்றைக்கும் எரிச்சல். ஆள் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் மேல் கோபம் இருக்குமா என்று கேட்டால், இருக்கும். எனக்கு இருக்கிறது.

துறைமுகம் போகிற ரோட்டில் எனக்குப் பழைய சாமான் கடை. வீட்டுக்காரர் போன பிறகு நான்தான் பார்க்கிறேன். கப்பலில் கழித்த இரும்பு வரும். படகு எஞ்சின் வரும். ஆஸ்பத்திரிக் கட்டில், ஓட்டல் ஏ.சி. பெட்டி, அச்சாபீஸ் மிஷின் எல்லாம் வரும். அஞ்சாம் வகுப்போடு என் படிப்பு சரி. எடை போடத் தெரியும், அது போதும்.

அண்ணாச்சிக்கு வீடு கடைக்குப் பின்னால் உள்ள தெருவில். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார். பேச மாட்டார். சாமான்களைச் சுற்றி வருவார். ஒரு காதில் எப்போதும் பஞ்சு இருக்கும். நல்ல காதை நம் பக்கம் திருப்பிக்கொண்டு, "இது வேணும்" என்பார். அவ்வளவுதான்.

ஒரு நாள் ஃபேன் இறக்கை ஒன்றைக் கையில் எடுத்து, "இது வேணும்" என்றார். நான் போனில் இருந்தேன். லாரிக்காரனோடு சண்டை. கையைக் காட்டி, இருங்க என்றேன். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. இறக்கை எடுத்த இடத்தில் இருக்கிறது. அப்புறம் அவர் வீட்டுக்கு ஒரு வேலையாகப் போனேன். பிஸ்கட் டின்னை வெட்டி இறக்கை செய்து மாட்டியிருக்கிறார். சுற்றும்போது தகரம் அடிக்கிற சத்தம். அதற்குக் கீழே உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார்.

"அண்ணாச்சி, அந்த இறக்கைய எடுத்திருக்கலாம்லா?"

"கேட்டேன்லா."

இந்தச் சொல்தான் அவருக்கு. கேட்டேன்லா. அதற்கு மேல் ஒரு எழுத்து வராது.

டீக்கடையிலும் அப்படித்தான். "ஒரு டீ" என்பார். டீ போடுகிறவன் காதில் விழவில்லை என்றால் பெஞ்சில் சும்மா இருப்பார். பிறகு எழுந்து போய்விடுவார். அவன் பின்னாலேயே கத்துவான். "அண்ணாச்சி, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீக? இன்னொரு தரம் சொன்னா கொறஞ்சா போவீக?" திரும்பிப் பார்க்க மாட்டார்.

சிரிக்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அந்தக் காது போன கதை எனக்குத் தெரியும்.

அவர் சங்கு குளித்தவர். படகில் காற்று மிஷின் ஓடும். அதிலிருந்து வருகிற குழாயை வாயில் கடித்துக்கொண்டு கடலுக்கு அடியில் போவார்கள். ஒரு வருஷம் குழாயில் வெடிப்பு விட்டது. காற்றோடு டீசல் நாற்றம் வருகிறது. படகுக்காரச் சம்மாட்டியிடம் போய், "குழாய் மாத்தணும்" என்றார். சம்மாட்டி, "அடுத்த வாரம் பாப்போம்" என்றான். மறுநாள் அண்ணாச்சி குழாயைத் தொடவில்லை. அந்தக் காலத்து ஆட்கள் மாதிரி வெறும் மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினார். அந்த சீசன் முழுக்க அப்படியே இறங்கினார். காது போயிற்று.

சம்மாட்டி கெட்டவன் இல்லை. சோம்பேறி. இன்னொரு தடவை கேட்டிருந்தால் வாங்கிப் போட்டிருப்பான். நான் அண்ணாச்சியிடம் நேராகவே கேட்டேன்.

"ஒரு குழாய்க்கு ஒரு காதா?"

நல்ல காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டார். "கேட்டேன்லா" என்றார்.

அவர் வீட்டுக்காரியை நான் மைனி என்பேன். அவள் இவருக்கு நேர் எதிர். உப்பளத்தில் வேலை. சாயங்காலம் திரும்பும்போது உடம்பெல்லாம் உப்புப் பூத்திருக்கும். நேராக வீட்டுக்குப் போக மாட்டாள். என் கடையில் நின்று எதையாவது கேட்டுவிட்டுத்தான் போவாள்.

"ஏளா, அந்த அலுமினியச் சட்டியத் தாயேன்."

"அது ஓட்டை மைனி."

"ஓட்டைய நான் அடச்சுக்கிடுதேன். தா."

"நாளைக்குப் பாப்போம்."

"நாளைக்கும் வருவேன். நாளக் கழிச்சும் வருவேன். தரலன்னா ஒம் மக கல்யாணத்துல பந்தியில வந்து நின்னு கேப்பேன், சட்டி எங்களான்னு."

கொடுத்துவிட வேண்டியதுதான். அண்ணாச்சியும் சில நாள் அவளை அழைத்துப்போக வந்து நிற்பார். அவரைக் காட்டிச் சொல்லுவாள். "எங்க வீட்டுல கேக்குற வேல என் வேல. அவருக்கும் சேத்து நாந்தான் கேக்கணும். வாயில முத்து வச்சிருக்காரு, தொறந்தா விழுந்திரும்." அவர் பாதி முகத்தால் சிரிப்பார். ரேஷன் கடை, கோவில் கமிட்டி, சம்மாட்டி வீடு, எல்லா இடத்திலும் அவளே பேசுவாள். இவர் பக்கத்தில் நிற்பார்.

மைனி சாகிறதுக்கு முந்தின வருஷம், சென்னையிலிருந்து ஒரு படம் எடுக்கிற ஆள் அளத்துக்கு வந்தார். அன்று சாயங்காலமே கடையில் நின்று சொன்னாள்.

"பெரிய மரப்பெட்டிளா. கறுப்புத் துணியப் போத்திக்கிட்டு அதுக்குள்ள தலைய விட்டுக்கிடுதாரு. அசையாத அசையாதங்காரு. மூக்குல ஈ உக்காந்திச்சு. நான் அசையலயே."

"படம் தருவாராமா?"

"கேக்காம விடுவனா? பத்துத் தடவ கேட்டேன். அனுப்புதேன்னாரு. ஒன் கட அட்ரசத்தான் குடுத்திருக்கேன். எங்க தெருவுல தபால்காரன் பாதித் தபால டீக்கடையில வச்சிட்டுப் போயிருதான்."

அதிலிருந்து தினமும் சாயங்காலம் கேட்பாள். "வந்துச்சா?" வரவில்லை. "நாளைக்கு வரும்" என்பாள். அடுத்த மழைக்குக் காய்ச்சல் வந்து அவள் போகிற வரைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அந்தப் படம் என் கடைக்கு வரவேண்டிய படம். இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுவேன்.

அடக்கத்துக்கு வைக்க வீட்டில் படம் இல்லை. ஆதார் அட்டையில் உள்ளதைப் பெரிதாக்கி வைத்தார்கள். அந்த அட்டையில் யார்தான் மனுஷர் மாதிரி இருக்கிறார்கள். மைனி எதையோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள் மாதிரி இருந்தாள். பெரிதாக்கியதில் முகம் கட்டம் கட்டமாகப் போயிருந்தது. அண்ணாச்சி அடக்கம் முடிந்ததும் அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

ஓட்டலில் அந்தப் படத்தை முதலில் பார்த்தது நான்தான். டவுனில் புதிதாகக் கட்டின பெரிய ஓட்டல். கெட்டுப்போன ஏ.சி. பெட்டி எடுக்கப் போனேன். வெளியே கொண்டுபோகச் சீட்டு வேண்டும் என்று முன்பக்கம் அனுப்பினார்கள். உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் மைனி நிற்கிறாள்.

ஒன்றரை அடி உயரம் இருக்கும். கறுப்பு வெள்ளை. பின்னால் உப்பு அம்பாரம், கீழே பாத்தித் தண்ணீர், நடுவில் அவள். நேராகப் பார்க்கிறாள். தீப்பெட்டி அளவு முகம். ஆனால் புருவத்தில் ஒட்டியிருக்கிற உப்பு வரைக்கும் தெரிகிறது. இப்போது வாயைத் திறந்து ஏளா என்பாள் போல இருந்தது. சீட்டு வாங்க மறந்து வெளியே வந்துவிட்டேன்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நானும் கூடப் போனேன். படத்துக்கு முன்னால் நின்றார். மேனேஜரைக் கூப்பிட்டேன். சின்ன வயது. மதுரைப் பக்கம். நல்ல பிள்ளைதான்.

அண்ணாச்சி சொன்னார். "இது என் வீட்டுக்காரி. இந்தப் படம் எனக்கு வேணும். இல்லன்னா இதே மாதிரி ஒண்ணு வேணும்."

"சார், இது ஓட்டலுக்குச் சொந்தம். எடுத்தவர்கிட்ட வாங்கினது. காப்பி போட எங்களுக்கே உரிமை கிடையாது."

படத்துக்குக் கீழே சின்னப் பட்டையில் இங்கிலீஷில் எழுதியிருந்தது. அண்ணாச்சி அதைக் காட்டி, "என்ன போட்டிருக்கு?" என்றார்.

"உப்பின் மகள்னு அர்த்தம் சார். படத்தோட பேரு."

"அவ அப்பன் பேரு உப்பு இல்ல."

மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் சிரித்துவிட்டாள். மேனேஜருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். அண்ணாச்சி திரும்பி வாசலுக்கு நடந்தார். நான் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"இருங்க அண்ணாச்சி. இன்னொரு தரம் கேப்போம். நீங்க வேண்டாம், நான் கேக்கேன்."

"கேட்டேன்லா."

"செத்துப்போனவ படம் அண்ணாச்சி. இதுக்குமா வீம்பு?"

போனைக் காட்டினேன். கண்ணாடிச் சட்டத்தில் கூரை விளக்கு விழுந்து, மைனி வாய் இருக்கிற இடத்தில் வெள்ளையாக இருந்தது. பார்த்தார். "லைட்டு அவ வாயில உக்காந்திருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

"துணிய மறச்சுப் புடிச்சு நான் வேற எடுக்கேன்."

"வேண்டாம். அவ நின்னது பெட்டி முன்னால."

எனக்கு இது விளங்கவில்லை. இப்பவும் முழுக்க விளங்கவில்லை. போனாவது பெட்டியாவது, முகம்தானே வேண்டும். சொல்லிப் பார்த்தேன். காதில் பஞ்சு உள்ள பக்கத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்குப் பிடிக்காததைச் சொன்னால் அப்படித்தான் செய்வார்.

கொஞ்ச நாளில் சிவகாசியிலிருந்து ஒரு லோடு வந்தது. மூடிப்போன அச்சாபீஸ் சாமான். படத்தை அச்சுக்கு எடுக்கிற பெரிய கேமரா ஒன்று அதில் உடைந்து கிடந்தது. உடம்பெல்லாம் துரு. லென்ஸ் மட்டும் பித்தளை வளையத்தில் சொம்பு மொத்தத்துக்கு நல்லபடியாக இருந்தது. அண்ணாச்சி அதைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது வேணும்."

போனில் இருந்தேன். போனை வைத்துவிட்டு, "எடுத்துக்கோங்க" என்றேன்.

மைனி சொன்ன மாதிரி படம் எடுக்கிற மரப்பெட்டி ஒன்றை என் கடைத் தகரக் கொட்டகைக்குக் கீழேதான் செய்தார். உடைந்த வள்ளத்துப் பலகை, ஒரு பீரோவின் முதுகு, இவைதான் மரம். ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, தீப்பெட்டி இழுக்கிற மாதிரி இழுக்கலாம். முன்னால் லென்ஸ். பின்னால் உருவம் விழக் கண்ணாடி. எஞ்சின் வால்வு தேய்க்கிற பசையை இரண்டு கண்ணாடிக்கு நடுவில் தடவி, உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்து மங்கலாக்கினார். அந்தக் கரகர சத்தத்தில் பல் கூசும். வாடிக்கைக்காரர்கள் கேட்பார்கள்.

"என்ன அண்ணாச்சி, புறாக்கூடா?"

"கோழிக்கூடுன்னா எனக்கொண்ணு சொல்லி வையுங்க."

அவர் பாட்டுக்குத் தேய்ப்பார்.

முதல் பெட்டி குட்டையாகப் போயிற்று. சுவரில் ஒட்டின சோப்பு அட்டை கண்ணாடியில் கட்டைவிரல் அளவில் தெரிந்தது. அவருக்கு அதே அளவு வேண்டும். பெட்டியைப் பிரித்தார், நீட்டினார். மறுபடி பிரித்தார். நூலைப் பிடித்து அட்டையை அளப்பார், கண்ணாடியில் உள்ளதை அளப்பார். கடைசியில் மூன்று அடிக்கு நீண்டு, மணலில் ஏற்றின சின்னப் படகு மாதிரி என் கொட்டகையில் கிடந்தது. நான் நடக்க வழியில்லை. தினமும் திட்டினேன். காது கேட்காதவர் மாதிரி இருந்தார். பாதி உண்மையும் அதுதான்.

பிலிமுக்கு எக்ஸ்ரே பிலிம். ஆஸ்பத்திரிகளில் எல்லாம் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. தேதி முடிந்த பிலிம் பெட்டிகள் பிரிக்காமலே எடைக்கு வரும். அதில் பூசியிருக்கிற வெள்ளிக்காக எடுப்போம். எக்ஸ்ரே எடுக்கிற தம்பி ஒருவன் கழுவுகிற மருந்தையும் கொடுத்து, எப்படிக் கலக்க வேண்டும் என்று சொன்னான். சிவப்பு வெளிச்சத்தில்தான் பிரிக்க வேண்டும் என்றும் சொன்னான். அண்ணாச்சி வீட்டுக்குப் போய், இயேசு படத்துக்கு முன்னால் எரிகிற சிவப்பு பல்பைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். "இது பாவம் அண்ணாச்சி" என்றேன். "அவருக்கு இருட்டுல தெரியும்" என்றார். அவர் என்னிடம் சொன்ன ஒரே வேடிக்கை அதுதான். வேடிக்கைக்குச் சொன்னாரா என்றும் தெரியாது.

முதல் பிலிம் எடுத்தோம். காலண்டரை ஆணியில் மாட்டி, நல்ல வெயிலில் எடுத்தது. குடோன் ஜன்னலைச் சாக்கால் அடைத்து, தட்டில் மருந்தை ஊற்றிப் பிலிமைப் போட்டார். மெதுவாகக் கறுத்தது. கறுத்துக்கொண்டே போயிற்று. முழுக்கக் கரி. இரண்டாவதும் கரி. மூன்றாவதும்.

பெட்டியைத் தூக்கி வெயிலில் வைத்து, பின்பக்கம் தலையை நுழைத்துத் துணியைப் போர்த்திக்கொண்டார். வெகு நேரம் அப்படியே இருந்தார். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். தலையை எடுத்தபோது முகம் பயங்கரமாக இருந்தது.

விஷயம் இதுதான். பலகை சேர்கிற இடத்தையெல்லாம் வள்ளத்துக்கு அடைக்கிற மாதிரி அடைத்திருக்கிறார். பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தைக் காய்ச்சி ஊற்றியிருக்கிறார். கடற்கரையில் பிறந்தவனுக்குப் பெட்டி என்றால் தண்ணீர் புகக்கூடாது, அவ்வளவுதான் நினைப்பு. குங்கிலியம் தேன் நிறம். தண்ணீரை விடாது, வெளிச்சத்தை விடும். உள்ளே இருந்து பார்த்தால் மூலைக்கு மூலை மெழுகுவத்தி ஏற்றின மாதிரி இருந்ததாம்.

"கடல்ல விட்டா மிதக்கும் அண்ணாச்சி. இலங்கைக்கே போயிரலாம். படம் மட்டும் எடுக்க முடியாது" என்றேன்.

மருந்து வாளியை ஒரு உதை உதைத்தார். குடோன் முழுக்க ஓடியது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு அவரே துடைத்தார். மறுநாள் அத்தனை குங்கிலியத்தையும் உளியால் சுரண்டி எடுத்து, படகின் அடியில் பூசுகிற கறுப்புக் கீலை உருக்கிப் பூசினார். ஒரு மாதம் கடையில் நாற்றம்.

லென்ஸுக்கு மூடி, பெயிண்ட் டப்பா மூடி. எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பதற்கு அவருக்குக் கடிகாரம் வேண்டாம். மூடியை எடுத்ததும் மூச்சை அடக்குவார். மூச்சு முட்டும்போது மூடுவார். வெயிலுக்கு அரை மூச்சு, நிழலுக்கு ஒன்று. ஓட்டல் வெளிச்சத்துக்கு இரண்டு வேண்டியிருக்கும் என்று குடோனில் பல்ப் போட்டு எடுத்துப் பார்த்துச் சொன்னார்.

இதெல்லாம் முடிந்த பிறகும் ஓட்டலுக்குள் போக வேண்டுமே. அவர் கேட்க மாட்டார். மூன்றடிப் பெட்டியைச் செய்துவிட்டு, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நான் போனேன். மேனேஜர் முடியாது என்றான். மறுபடி போனேன். மறுபடியும் போனேன். கடைசியில் கும்பிட்டான். "அக்கா, நான் பாக்கலை. செவ்வாய்க்கிழமை டிபன் கூட்டம் போனதும் வாங்க. படத்தைக் கழட்டக் கூடாது. சுவத்துல இருக்கிறபடியே எடுத்துட்டுச் சத்தம் போடாமப் போயிருங்க."

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். வாசலில் இருந்த வாட்ச்மேனுக்கு ஊர் புதுக்கோட்டை. என் கடைக்கு வந்து போகிறவன். பெட்டியைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"என்ன ஆச்சி, பொணப்பெட்டியக் கொண்டு வாரீக?"

"ஒனக்குத்தாம்ல அளவு பாக்க வந்திருக்கோம். ஒரு பக்கம் புடி."

ஓட்டலில் சாமான் ஏற்றுகிற தள்ளுவண்டியில் காலிச் சோடாப் பெட்டிகளை அடுக்கி, அதன் மேல் கேமராவை ஏற்றினோம். விளக்கு கண்ணாடியில் விழாமல் இருக்க, நானும் வாட்ச்மேனும் ஆளுக்கொரு பக்கம் கறுப்புத் துணியை விரித்துப் பிடித்தோம். அண்ணாச்சி பின்னால் போர்வைக்குள் நுழைந்தார்.

வெளியே வரவில்லை. உள்பெட்டியை இழுத்து நகர்த்துகிற சத்தம் கேட்டது, நின்றது. வாட்ச்மேன் என்னைப் பார்த்தான். துணியை அவனிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் போர்வையைத் தூக்கினேன்.

"மூச்சு விடுதீகளா?"

"நீ பாரு" என்றார்.

குனிந்து பார்த்தேன். கண்ணாடியில் உருவம் தலைகீழாக விழும். வானமும் முகமும் கீழே கிடக்கின்றன. கண்ணுக்கு நேரே, உச்சியில், கால். மைனி கால். தண்ணீருக்குள் வெறுங்காலாக நிற்கிறது. விரலிடுக்கில் வெடிப்பு. கணுக்காலில் புண்.

அளத்தில் யாரும் வெறுங்காலோடு நிற்க விரும்ப மாட்டார்கள். அந்தத் தண்ணீர் தோலைத் தின்னும். மைனி பழைய சாக்ஸ் போட்டு, அதற்கு மேல் ரப்பர் செருப்பை வைத்து, நீல வலைநூலால் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் இறங்குவாள். காலையில் கட்டிவிடுகிறது அண்ணாச்சி. அந்தச் செருப்பு படத்தில் ஓரமாக வரப்பு மேல் இருக்கிறது. இரண்டும் ஒழுங்காக. நூல் பிரித்துப் பக்கத்தில். சுவரில் அத்தனை நாள் பார்த்தும் நான் அதைப் பார்க்கவில்லை. முகத்தைத்தான் பார்த்தேன். எல்லாரும் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

"கழட்டச் சொல்லியிருக்கான்" என்றார்.

"ஆமா."

"அவ எங்கிட்ட சொல்லல."

"எங்கிட்டயும் சொல்லல அண்ணாச்சி."

ஈ உட்கார்ந்ததைச் சொன்னாள். அசையாமல் நின்றதைச் சொன்னாள். அன்று அவள் நொண்டிக்கொண்டு வந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. என்ன மைனி என்று கேட்டதற்கு, வரப்பில் சறுக்கிவிட்டது என்றாள். பிறகு ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. அத்தனை பேச்சுப் பேசுகிறவள் இதை மட்டும் முழுங்கிவிட்டாள். சொன்னால் இவர் அந்த ஆளைத் தேடிப் போவார் என்று பயந்தாளோ, படம் வராமல் போய்விடும் என்று பயந்தாளோ.

மேனேஜர் தூரத்தில் நின்று கையைக் காட்டினான். முடிந்ததா என்கிறான். அண்ணாச்சி பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார் என்றே நினைத்தேன். கிளம்பவில்லை. பிலிமைச் சொருகினார். மூடியை எடுத்தார். மூச்சை அடக்கினார். கழுத்து நரம்பு புடைக்கிறது. விட்டு, இழுத்து, மறுபடி அடக்கினார். மூடினார். துணியைச் சுருட்டினார். மேனேஜரைப் பார்க்காமல் வெளியே போனார்.

குடோனில் மறுநாள் காலையில் கழுவினார். ஒரு பிலிம்தான். இந்தத் தடவை கரியாகவில்லை. சிவப்பு வெளிச்சத்தில் மைனி மெதுவாக வந்தாள். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறி இருந்தது. உப்பு அம்பாரம் கரிக்குன்று மாதிரி. ஆனால் ஒரு மயிரிழை விடாமல் இருந்தது. அதே அளவு. நான் அழவில்லை. மருந்து நாற்றத்தில் கண் எரிந்தது.

காய்ந்ததும் பிலிமைப் பலகை மேல் விரித்தார். சங்குச் சதை வழிக்கிற கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தார்.

"என்ன செய்யப்போறீக?"

கத்தியைக் காலில் வைத்தார்.

"அண்ணாச்சி, ஒரு காப்பி போட்டுக்கிட்டு என்ன வேணா செய்யுங்க. இருக்கிறது இது ஒண்ணுதான்."

சுரண்டினார். கால் போயிற்று. செருப்பு போயிற்று. தண்ணீர், வரப்பு, அம்பாரம். பிலிமில் பூச்சு உரிந்து வெறும் கண்ணாடி மாதிரி ஆகிறது. திருப்பிப் போட்டு அந்தப் பக்கமும் சுரண்டினார், எக்ஸ்ரே பிலிமில் இரண்டு பக்கமும் பூச்சு உண்டு. நான் கையைப் பிடித்தேன். உதறினார். அத்தனை மாதம் என் கொட்டகையை அடைத்துக்கொண்டு, என் பேச்சை எல்லாம் வாங்கிக்கொண்டு செய்ததை இப்படி அழிக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவரைப் பற்றியும் சொன்னேன், அவர் வீம்பைப் பற்றியும் சொன்னேன். அவர் நிறுத்தவில்லை. கழுத்து வரைக்கும் வந்தபோதுதான் கத்தி மெதுவாயிற்று. தலைத்துணி ஓரத்தில் ஊசியால் குத்துகிற மாதிரிச் சுற்றி வந்தார்.

"முகம் போதும்" என்றார்.

ஸ்டுடியோ ஒன்று மூடினபோது வந்த பழைய போட்டோ பேப்பர் இருந்தது. அதன் மேல் பிலிமை வைத்து அச்செடுத்தார். சுரண்டின இடமெல்லாம் அச்சில் கறுப்பு. நடுவில் தீப்பெட்டி அளவு முகம். உப்பு இல்லை, அளம் இல்லை, வெயில்கூட இல்லை. அவள் பார்க்கிறாள், அவ்வளவுதான்.

கல்லறைத் திருநாளுக்குப் பூ போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, அந்தப் படத்தை வைத்தார். நானும் போயிருந்தேன். மைனியின் தங்கை வந்து பார்த்தாள்.

"அக்காளா இது? எங்க எடுத்தது மச்சான்? சுத்தி ஏன் இப்படி இருட்டா இருக்கு?"

அவர் மெழுகுவத்தியைச் சரி செய்தார்.

அதற்கு மறுநாள் லென்ஸைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். பெட்டி கொட்டகையில்தான் கிடக்கிறது. கீல் பூசின பலகையை எடைக்கு எடுக்க ஆளில்லை.

அடுத்த வருஷம் அவரும் போனார். நெஞ்சு வலிக்கிறது என்று பக்கத்து வீட்டு வாசலில் நின்று சொல்லியிருக்கிறார். உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்ததாம். யாரோ என்னவோ சொன்ன மாதிரி இருந்தது, எட்டிப் பார்த்தால் ஆளைக் காணோம் என்று அந்த வீட்டுப் பெண் என்னிடம் அழுதாள். அவளை நான் எப்படிக் குறை சொல்ல.

படம் ஓட்டலில் அப்படியேதான் இருக்கிறது. மாதம் ஒரு தடவையாவது பழைய சாமான் எடுக்கப் போகிறேன். போகும்போதெல்லாம் மேனேஜரைக் கூப்பிட்டுச் சொல்கிறேன்.

"அந்தப் படத்தக் கழட்டுங்க சார்."

"ஏன்க்கா? நல்லாத்தானே இருக்கு. வர்றவங்க எல்லாம் அது முன்னால நின்னு செல்ஃபி எடுக்குறாங்க."

"செருப்பக் கழட்டச் சொல்லி, புண்ணுக் காலோட உப்புத் தண்ணியில நிக்க வச்சு எடுத்தது. இங்கன வந்து பாருங்க, ஓரத்துல செருப்பு கெடக்கு."

ஒரு தடவை வந்து பார்த்தான். முகம் மாறிற்று. "மேல சொல்றேன்க்கா" என்றான். சொன்னானோ என்னவோ. மேலே யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் கீழே வந்து இந்தச் சுவரைப் பார்த்திருப்பார்களா என்றும் தெரியாது.

போன செவ்வாய்க்கிழமையும் போனேன். என்னைக் கண்டதும், "மறுபடியுமாக்கா?" என்றான். "ஆமா" என்றேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மேலே சொல்வதாகச் சொன்னான். ஏ.சி. பெட்டியை வண்டியில் ஏற்றிக் கயிறு போட்டேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனேன்.